வெள்ளாற்றில் சங்கரா மீன்

லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் ஊர் அவரிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்கும். எப்ப வந்தீங்க, எப்ப பயணம்? முதல் கேள்விக்கு அவர் வாய் திறப்பதற்குள் இரண்டாவது வந்து நிற்கும். கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ குவைத்திலோ இருக்கிற ஊரில், வந்தவர் திரும்பிப் போவதுதான் வழக்கம். வந்தவர் வந்தபடியே தங்கிவிட்டால் ஏதோ கோளாறு என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

நஜீமுதீன் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் நோன்பு பிறந்த வாரத்தில் வந்து இறங்கினார். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஆயிஷா பீவியோடு ஒரே கூரையின் கீழ் அவர் இருந்த நாட்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தாலும் இரண்டு வருஷம் தேறாது. இந்தத் தடவை லீவைக் கொஞ்சம் நீட்டி வாங்கியிருந்தார். ஜனவரி இருபதுக்குள் திரும்பவில்லை என்றால் விசா செத்துவிடும். அது சாகட்டும் என்றுதான் அவர் மனசுக்குள் ஆசை. ஒரு வண்டி எடுத்து டிராவல்ஸ் ஓட்டினால் பிழைப்பு நடந்துவிடும் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வீட்டைப் பற்றித்தான்.

வீட்டில் அவர் விருந்தாளி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மகள் மர்வா அவருக்கு டீ கொண்டுவந்தால் பூப்போட்ட பீங்கான் கப்பில், சாஸரோடு கொண்டுவருவாள். அவளும் அவள் அம்மாவும் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார்கள். எந்த சுவிட்ச் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் மோட்டார் சுவிட்ச் என்று நினைத்து ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார். இரண்டு கிலோ கறி கெட்டுப்போனது. ஆயிஷா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லங்க, தெரியாமதானே" என்று சொல்லிவிட்டு அள்ளிக் கொட்டினாள். நஜீமுதீனுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டு ஆளாக இருந்திருந்தால் திட்டியிருப்பாள் அல்லவா?

அவள் ஒரு தடவை "போகாதீங்க" என்று சொன்னால் போதும், பாஸ்போர்ட்டைப் பரணில் போட்டுவிடுவார். ஆனால் அந்த ஊரில் பயணம் போகிறவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. பிளேன் ஏறுகிற மனுஷனுக்கு அது ஆகாது என்று பெண்கள் நாக்கைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆயிஷா ஒன்பது தடவை வழியனுப்பியிருக்கிறாள். ஒன்பது தடவையும் "ஃபீ அமானில்லாஹ்", அல்லாஹ்வின் காவலில் போய் வாங்க, என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். "நான் இருந்துடட்டுமா?" என்று தானே கேட்டுவிடலாமே என்றால், நஜீமுதீனுக்கு அதற்குத் தைரியமில்லை. கேட்டு, அவள் ஒரு நொடி தயங்கிவிட்டால் என்ன செய்வது?

இப்படி முடிவெடுக்கத் தெரியாத மனுஷன்தான் தன் தலையெழுத்தை ஒரு மீனிடம் ஒப்படைத்தார்.

அந்தக் கதை மெக்கே சாரிடமிருந்து தொடங்குகிறது. மெக்கே ஸ்காட்லாந்துக்காரர், மஸ்கட்டில் ரோடு போடுகிற என்ஜினியர். நஜீமுதீன் அவருக்குப் பதினோரு வருஷம் கார் ஓட்டினார். மனுஷனுக்கு மீன் பைத்தியம். அதுவும் எல்லா மீனும் இல்லை. அவர் ஊர்க் குளிர்ந்த ஆறுகளில் ட்ரவுட் என்று ஒரு புள்ளி போட்ட மீன் இருக்கிறதாம். அதற்குப் புழு வைக்கக் கூடாது, வலை வீசக் கூடாது. கோழி இறகைத் துளித்துளியாக நறுக்கி, தூண்டில் முள்ளில் பூச்சி மாதிரி கட்டி, அதைத் தண்ணீர்மேல் நிஜப் பூச்சி உட்கார்வதுபோல உட்கார வைக்க வேண்டும். மீன் நம்பி மேலே வரும். மஸ்கட்டில் ஆறு ஏது? மெக்கே சாருக்குக் கை அரிக்கும். வீட்டுக்குப் பின்னால் மணலில் நின்றுகொண்டு கம்பை வீசுவார். பக்கத்தில் நின்ற டிரைவருக்கும் கற்றுக்கொடுத்தார். கம்பு பின்னால் போகும்போது கடிகாரத்தில் ஒரு மணி, முன்னால் வரும்போது பத்து மணி, அதற்குக் கீழே சாயக் கூடாது.

நஜீமுதீன் மூன்றே மாதத்தில் குருவை மிஞ்சிவிட்டார். நாற்பதடி தூரத்தில் ஒரு சாயா கிளாஸை வைத்தால் இறகை அதற்குள் இறக்குவார். மெக்கே வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது அந்தக் கம்பு, சக்கரம், மஞ்சள் நூல், இறகுப் பூச்சிகள் இருந்த தகர டப்பா எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, பத்து வருஷத்துக்கு மேல் தூண்டில் வீசியவர், ஒரு சொட்டுத் தண்ணீரில் வீசியதில்லை. மீன் என்ற ஜீவனை அவர் சோற்றில்தான் சந்தித்திருக்கிறார்.

அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற வெள்ளாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. மார்கழியில் வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்து, பாலத்துக்குக் கிழக்கே மடுக்களில் மீன் துள்ளுவதை நஜீமுதீன் தன் கண்ணால் பார்த்தார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, விளையாட்டாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"பயணத்துக்குள்ள இந்த ஆத்துல என் கையால ஒரு மீனு புடிச்சிட்டேன்னு வையி, நான் மஸ்கட்டு போகல."

மர்வா சிரித்தாள். ஆயிஷா சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்று கேட்டாள்.

மறுநாள் மாலை நஜீமுதீன் தென்கரையில் போய் நின்று, துண்டு துண்டாக இருந்த கம்பைத் திருகிச் சேர்த்தபோது, கீழே முழங்கால் தண்ணீரில் வீச்சு வலையோடு நின்ற உத்திராபதி வலையை மறந்து வேடிக்கை பார்த்தார். உத்திராபதியின் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். உத்திராபதிக்கு வயல் பிடிக்கவில்லை. தண்ணீர் இருக்கிற மாதங்களில் மீன் பிடிப்பார், மற்ற மாதங்களில் பெயின்ட் அடிப்பார். நஜீமுதீன் வீட்டுக்கும் இரண்டு தடவை அடித்திருக்கிறார்.

"என்ன பாய், மாடு ஓட்டுற சாட்டை மாதிரில இருக்கு?"

"இது ஸ்காட்லாந்து தூண்டில், உத்திராபதி."

"புழு எங்க?"

"புழு கெடையாது. இறகு."

உத்திராபதி அந்த இறகை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நஜீமுதீன் முகத்தைப் பார்த்தார். வெளிநாட்டில் வெயில் ஜாஸ்தி என்று அவருக்கும் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீச்சு என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. மஞ்சள் நூல் தலைக்குமேல் வளைந்து வளைந்து போய், நினைத்த இடத்தில் இறகை இறக்கியது. பாலத்தில் போகிற சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். பார்க்காதது மீன் மட்டும்தான். முதல் நாள் ஒன்றும் இல்லை. முதல் வாரமும் ஒன்றும் இல்லை. வெள்ளாறு பெரிய ஆறாயிற்றே என்று டப்பாவில் இருந்ததிலேயே பெரிய இறகாகப் பார்த்துக் கட்டினார். அதற்கும் இல்லை. பக்ரீத் வந்தது, போனது. பொங்கலும் வந்தது. சாட்டை பாய் என்று ஊரில் பேர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் "எப்ப பயணம்?" என்று கேட்டவர்கள் "எத்தனை கிலோ?" என்றும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

நஜீமுதீன் சிரித்துச் சமாளித்தாலும் உள்ளே நொறுங்கித்தான் போயிருந்தார். ஆறே வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் ஆள் எப்படி இருப்பது என்று அசட்டுத்தனமாக ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. டிக்கெட் பத்தொன்பதாம் தேதிக்குப் போட்டாகிவிட்டது. பதினெட்டாம் தேதி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆயிஷா பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழகிய முகம்.

பதினேழாம் தேதி கடைசியாக ஒரு தடவை ஆற்றுக்குப் போனார். மூன்றரை மணியிலிருந்து வீசினார், ஒன்றும் நடக்கவில்லை. அஸர் தொழுகைக்கு நேரமானது. கம்பை இரண்டு கல்லுக்கு நடுவே சாய்த்து, இறகைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, கை கால் முகம் கழுவி ஒளூச் செய்தார். மெக்கே சார் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பார். இந்தத் தூண்டிலை அப்படிப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆனால் அல்லாஹ் நாடினால் எப்படியும் கிடைக்கும் என்று மூன்று வாரமாக அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். துண்டை மணலில் விரித்து மேற்கே பார்த்து நின்றார். ஆறு அவருக்கு வலப்பக்கம் இருந்தது.

நாலாவது ரக்அத்தில், தொழுகையின் கடைசிச் சுற்றில், நெற்றி துண்டில் பட்டிருக்கும்போது, சளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

தொழுகையில் திரும்பிப் பார்க்க முடியாது. எழுந்து உட்கார்ந்தார். ஓத வேண்டியதை ஓதினார். வேகமாக ஓதுகிறோமோ என்று பயந்து வேண்டுமென்றே நிதானமாக ஓதினார். கடைசியில் தொழுகையை முடிக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பி சலாம் கொடுத்தபோது தெரிந்தது. கம்பின் நுனி வளைந்து, முங்கி முங்கி ஆடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் இன்னும் பாக்கி. அவர் வாழ்க்கையில் அந்த இடப்பக்க சலாமைப் போல நீளமான ஒன்றை அதற்கு முன்னும் கொடுத்ததில்லை, பின்னும் கொடுத்ததில்லை.

முடித்ததும் ஓடினார். கம்பைத் தூக்கினார். நல்ல கனம். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்றபடி சக்கரத்தைச் சுற்றினார். மீன் கரையில் வந்து விழுந்தது.

செக்கச் செவேலென்று, முக்கால் கிலோவுக்குக் குறையாத ஒரு சங்கரா.

நஜீமுதீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மஸ்கட் மீன் மார்க்கெட்டுக்குப் போனவர் அவர். சங்கராவைத் தெரியாதா? கடல் மீன். கடல் இங்கிருந்து அரைப் பகல் பஸ் தூரம். குனிந்து தொட்டார். சில்லென்று இருந்தது. கண் மங்கியிருந்தது. வயிற்றுப் பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதில் பாதி சினிமா விளம்பரத்தை அவரால் படிக்கவே முடிந்தது.

இருபதடி தள்ளி, இடுப்பு வரை நனைந்த உத்திராபதி வானத்தில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

"உத்திராபதி."

"என்ன பாய், மாட்டிக்கிச்சா? நான் சொல்லல?"

"வெள்ளாத்துல எப்பலேர்ந்துப்பா சங்கரா மேயுது?"

உத்திராபதி கரைக்கு வந்து மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் பாய், கேக்கல. காலையில உங்க வூட்டுல பாயம்மா கூப்புட்டு வுட்டாங்க. ஐஸ் பெட்டி மீன்காரன்கிட்ட வாங்கி பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தாங்க. இத அவரு தூண்டில்ல மாட்டி வுட்டுடு உத்திராபதின்னாங்க. இது கடல் மீனும்மா, நான் ஒரு கெண்டைய மாட்டுறேன், அதான் பொருத்தமா இருக்கும்னேன். ஆத்து மீனு முள்ளு ஜாஸ்தி, அவரு தொட மாட்டாரு, அவருக்குப் புடிச்சது சங்கராதான்னுட்டாங்க. புடிக்கிறதுதான் புடிக்கிறாரு, புடிச்ச மீனா இருக்கட்டுமேன்னாங்க."

நஜீமுதீன் மீனில் ஒட்டியிருந்த பேப்பரை மெல்ல உரித்தெடுத்தார்.

"நீங்க தொழையில நாலாவது வாட்டி எந்திரிச்சு குனிஞ்சா அப்புறம் முடிஞ்சிரும்னு எனக்குத் தெரியும். மூணு வாரமாப் பாக்குறேன்ல. தப்பா எடுத்துக்காதீங்க பாய். தொழுகையில வெளையாடணும்னு செய்யல. அவங்க அழுதுட்டாங்க. பதினெட்டு வருஷமா நான் போங்கன்னும் சொன்னதில்ல, இருங்கன்னும் சொன்னதில்ல, இப்ப மீனுகிட்டதான் சொல்லி அனுப்பணும்போல இருக்குன்னு சொல்லி அழுதாங்க."

நஜீமுதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. சிரிப்பும் வந்தது. பெட்டியைத் துடைத்து வைத்த அதே கைதான் இந்த மீனையும் பேப்பரில் சுற்றியிருக்கிறது. இத்தனை நாள் அந்த முகத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! அந்த நிமிஷத்திலேயே மஸ்கட் அவரை விட்டுப் போய்விட்டது.

மீனைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தவரை உத்திராபதி தடுத்தார்.

"ஒண்ணு சொல்லட்டா பாய்? உங்க வீச்சுல குத்தம் இல்ல. நீங்க நிக்கிற எடந்தான் குத்தம். இந்தக் கரையில நின்னா சாயங்காலம் உங்க நெழலு நீட்டமா தண்ணியில வுழுது. நீங்க கைய ஓங்குறப்பல்லாம் மடுவே காலியாவுது. அப்புறம் அந்த எறகு. எங்க ஆத்துல கோழி சைசுக்குப் பூச்சி கெடையாது."

"இத ஏம்ப்பா மூணு வாரமா சொல்லல?"

"நீங்க ஸ்காட்லாந்துன்னு சொன்னீங்க. அங்க அப்புடித்தான் போலன்னு வுட்டுட்டேன்."

நஜீமுதீன் தன் நெற்றியில் அறைந்துகொண்டார். மணலில் பழகிய வீச்சு! மணலுக்கு நிழலைக் கண்டால் பயமா? சாயா கிளாஸுக்குக் கண்ணா இருக்கிறது? மஸ்கட்டில் அவர் கற்றுக்கொண்டது அத்தனையும் மீனைத் தவிர மற்றதெல்லாம்.

வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆழமில்லாத இடமாகப் பார்த்து நடு ஆற்று மணல்திட்டுக்குக் கடந்து போனார். அங்கே தெற்கே பார்த்து நின்றால் நிழல் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. டப்பாவில் இருந்ததிலேயே சின்ன இறகை, அரிசி அளவுகூட இல்லாத ஒன்றை, எடுத்துக் கட்டினார். நிற்கவில்லை, மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரே கரையோர நீரில் சின்னச் சின்ன வளையங்கள் விரிந்துகொண்டிருந்தன. கொசு அளவு பூச்சிகளை ஏதோ ஒன்று வந்து வந்து கொத்திக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அவர் கண்ணில் அது படவே இல்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லி வீசினார். ஒரு மணி, பத்து மணி. இறகு வளையத்துக்கு ஒரு முழம் மேலே விழுந்து, தண்ணீரோடு மெதுவாக இறங்கியது. ஒன்றும் இல்லை. மறுபடி வீசினார். மூன்றாவது தடவை இறகு இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தது. அவ்வளவுதான். கை தானாக உயர்ந்தது.

நூலில் உயிர் துடித்தது. சங்கராவின் கனத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் இது இழுத்தது, கோபித்தது, இடமும் வலமும் ஓடியது. நஜீமுதீன் சின்னப் பிள்ளை மாதிரி "உத்திராபதி, உத்திராபதி" என்று கத்தினார். கையில் வந்தபோது அது ஒரு வெளிச்சிக் கெண்டை. நடுவிரல் நீளம்தான் இருந்தது. வெள்ளியாக மின்னியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"மொத மீனு பாய்!" என்று உத்திராபதி கரையிலிருந்து கை தட்டினார். "எத்தன கிலோ?"

அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லவும் நஜீமுதீன் வாசல்படி ஏறவும் சரியாக இருந்தது. வழியில் இரண்டு பேர் எப்ப பயணம் என்று கேட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை. ஆயிஷா முன்கட்டில் நின்றிருந்தாள். அவர் துண்டைப் பிரித்துச் சங்கராவைக் காட்டினார்.

"ஆத்துல புடிச்சீங்களா?" என்றாள். பார்வை தரையில் இருந்தது.

"இது நீ புடிச்சது." சட்டைப் பையிலிருந்து வாழையிலைத் துண்டை எடுத்துப் பிரித்தார். "இது நான் புடிச்சது."

ஆயிஷா அந்த விரல் நீள மீனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகம் கோணியது.

"சொல்லிட்டானா அந்த மனுஷன்?"

"சொல்லிட்டான். ஆனா மீனு சொன்னா போதாது ஆயிஷா. நீ சொல்லணும்."

மர்வா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஆயிஷா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பயண நாளில் சொல்லக் கூடாத வார்த்தை. பதினெட்டு வருஷம் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை. மெல்லத்தான் வந்தது.

"போகாதீங்க."

அவ்வளவு சின்ன வார்த்தை. அதற்காக ஒரு மனுஷன் ஆறெல்லாம் அலைந்திருக்க வேண்டியதில்லை. நஜீமுதீன் தலையை மட்டும் ஆட்டினார். ஈர வேட்டியோடு அப்படியே ஹாலுக்குள் நடந்து போய் ஃபேனுக்கு அடியில் சோபாவில் உட்கார்ந்தார்.

"அய்ய, சேத்துக் காலோட சோபாவுலயா!" ஆயிஷா போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "இப்பதான் கழுவி வுட்டேன், ஒங்களுக்குக் கூறு இருக்கா? எந்திரிங்க. புடிக்கத் தெரிஞ்சுதுல்ல, போயி கொல்லையில ஒக்காந்து ரெண்டு மீனையும் செதில் தேச்சுக் கழுவுங்க. எனக்கு மசாலா அரைக்கிற வேலை கெடக்கு."

அரிவாள்மணையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். நஜீமுதீன் மறுபேச்சில்லாமல் எழுந்து கொல்லைப்புறம் போனார். அங்கே வெளிச்சம் இல்லை. சுவரைத் தடவி முதல் சுவிட்சைத் தட்டினார், மோட்டார் ஓடியது. அடுப்படியிலிருந்து மறுபடி திட்டு விழுந்தது. அவருக்கு இருந்த சந்தோஷத்தில் அடுத்த சுவிட்சைத் தட்டவே தோன்றவில்லை.